ஊர் அங்கதான் கிடக்கு, நாடுதான் மாறிட்டு: பூர்வீகம் தேடுற வாசகர்களுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் கொட்டிப் பாத்தா பெரும்பாலும் ஒரே விசயம்தான். பூட்டன் எங்கயிருந்து வந்தவர், அந்த ஊர் இப்ப எந்த நாட்டுக்க கிடக்கு, ஆரிட்டப் போய்க் கேக்கிற. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் கேட்டு விடுறாங்க போல, இல்லாட்டி ஸ்கூல் புரொஜெக்ட். மற்றக் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே பாப்பம்.

கேள்வி: அண்ணன், எங்கட அம்மப்பா 1938ல காரைதீவில பிறந்தவர். கனடாவில இருக்கிற மாமா அவர்ர பேர்த் சேர்ட்டிபிக்கட் கேட்டு விட்டிருக்கார். வீட்டில கிடக்கிற போட்டோகொப்பியில மட்டக்களப்பு மாவட்டம் எண்டு கிடக்கு, நாங்க அம்பாறை மாவட்டம். பிழையாப் பதிஞ்சிட்டாங்களா? ஒரு ஒபிஸுக்குப் போனா மற்ற ஒபிஸுக்குப் போங்க எண்டுறாங்க, அங்க போனா திரும்பி இங்க அனுப்புறாங்க. (வாசகி, காரைதீவு)

பதில்: பிழை ஒண்டும் இல்ல மகள். அம்பாறை எண்டு ஒரு மாவட்டம் 1961லதான் வந்த. அதுக்கு முதல் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். அம்மப்பா பிறக்கக்க அவருக்குப் போட வேற மாவட்டமே இல்ல. இப்ப அதைத் திருத்தப் போறம் எண்டு வெளிக்கிடாதீங்க, சரியா இருக்கிறதைத் திருத்தினா பிறகு கனடாக்காரன் ரெண்டையும் வச்சுக்கொண்டு எது உண்மை எண்டு கேப்பான். இதே மாதிரி 1988க்குப் பிறகு 2006 வரைக்கும் எழுதின கடுதாசியில வடக்கு கிழக்கு மாகாணம் எண்டு கிடக்கும், அதைக் கண்டும் பயப்படத் தேவல்ல.

அலைச்சலுக்கு ஒரு காரணம் நாங்க கேக்கிற விதமும்தான். மாவட்டத்தைச் சொல்லிக் கேக்கிறம், அங்க புத்தகம் அடுக்கிக் கிடக்கிற பதிவுப் பிரிவுப்படி. போட்டோகொப்பியை வெளிச்சத்தில பிடிச்சு மேல் பக்கத்தைப் பாருங்க, பிரிவுட பேரும் பதிவு நம்பரும் கிடக்கும், பழைய கடுதாசியா இருந்தா இன்ன பற்று எண்டு பற்றுப் பேரும், அதாவது அந்தக் காலத்து நிர்வாகப் பிரிவுட பேரும் இருக்கலாம். அந்த மூண்டையும் ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்க. நம்பர் இருந்தா வேலை லேசு, இல்லாட்டி வருசத்தைச் சொல்லித் தேடச் சொல்லி விண்ணப்பம் போட வேணும், அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

இன்னொண்டு. உங்கட அம்மாட சேர்ட்டிபிக்கட்டை எடுத்துப் பாருங்க. பாட்டனார் இலங்கையில பிறந்தவராயிருந்தா அவர்ர முழுப்பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் எண்டு ஒரு கூடு கிடக்கும். அம்மாவுக்குப் பாட்டன் எண்டா அம்மப்பாட அப்பா, அதாவது கனடா மாமா கேக்காத ஒரு தலைமுறை சும்மாவே உங்கட அலுமாரிக்க கிடக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் எங்க பிறந்த, பாட்டன் எங்க பிறந்த எண்டு கேட்ட அதே கேள்விதான் அந்தக் கூட்டுக்கயும் கிடக்கு. அந்தக் கேள்வியால நாடில்லாமப் போன சனம் எத்தின லட்சம், அதை மூண்டாவது கேள்வியில பாப்பம்.

ஓ, மறக்க முதல். 1867க்கு முந்தின ஆக்களுக்கு பேர்த் சேர்ட்டிபிக்கட் எண்டு தேடாதீங்க. அரசாங்கப் பதிவு தொடங்கினதே அப்பதான்.

கேள்வி: நாங்க மட்டக்களப்பு டவுனில இருக்கிற பறங்கி ஆக்கள். அப்பாட பக்கம் பரம்பரையா தச்சு வேலை. பெரியப்பா வீட்டில இருக்கிற பழைய பைபிளிட முதல் பக்கத்தில முதல் வந்தவர்ர பேருக்குப் பக்கத்தில டான்சிக் எண்டு எழுதிக் கிடக்கு. ஒரு மாமா அது ஜேர்மனி எண்டுறார், ஒரு ஆள் போலந்து எண்டுறார், அப்பா நாங்க டச்சுக்காரர் எண்டுறார். எது சரி? போலந்து எண்டா பாஸ்போட் எடுக்கலாமா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: மூண்டு பேரும் சரி, மூண்டு பேரும் பாதிதான் சரி. சண்டை பிடிக்காம இருங்க.

டான்சிக் எண்டது இப்ப போலந்தில கிடக்கிற குடான்ஸ்க், பால்டிக் கடல் ஓரத்துத் துறைமுகம். உங்கட ஆள் எந்த வருசம் கப்பல் ஏறின எண்டதைப் பொறுத்துத்தான் அவர் ஆருட குடிமகன் எண்டு சொல்லலாம். 1793க்கு முதல் எண்டா அந்த நகரம் போலந்து ராசாவுக்குக் கீழ, ஆனா சனம் பேசின ஜேர்மன், கும்பிடப் போன பெரும்பாலும் லூதரன் சேர்ச்சுக்கு. 1793ல பிரஷ்யா எடுத்த. நெப்போலியன் காலத்தில கொஞ்ச நாள் தனி நகரம், பிறகு திரும்பி பிரஷ்யா, 1871ல ஜேர்மன் சாம்ராஜ்யம். முதலாம் உலகப் போர் முடிஞ்சு 1920ல இருந்து சர்வதேச சங்கத்துட பாதுகாப்பில ஒரு சுதந்திர நகரம், 1939ல ஹிட்லர் பிடிச்சார், 1945ல போலந்து. ஜேர்மன் பேசின சனத்தை அந்தக் கையோட வெளியேத்திப்போட்டாங்க. அதால இப்ப அங்க போய் உங்கட குடும்பப் பேரைச் சொல்லி விசாரிச்சா ஆருக்கும் தெரியாது. சொந்தக்காரர் மிச்சம் இருந்தா ஜேர்மனியில எங்கயாவதுதான் இருப்பாங்க.

அப்ப அப்பா சொன்ன டச்சு எங்கயிருந்து வந்த? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியில சேந்த சிப்பாய், மாலுமி, தச்சன் எல்லாரும் ஒல்லாந்தில பிறந்தவங்க இல்ல. ஜேர்மன் பேசுற நாடுகள், ஸ்கண்டினேவியா, சுவிஸ், இப்பத்தைய பெல்ஜியம் எண்டு எல்லா இடத்தாலயும் பிழைப்புத் தேடி அம்ஸ்டர்டாமுக்கு வந்து கையெழுத்துப் போட்டவங்கதான். இங்க இறங்கக்க எல்லாரும் ஒல்லாந்தர் எண்டு ஆகிட்டாங்க. மட்டக்களப்புப் பறங்கியருக்க போத்துக்கேய வழி எவ்வளவோ இருக்கு எண்டதும் உங்களுக்குத் தெரியும்தானே, வீட்டில கிழடுகள் பேசின மொழியே போத்துக்கேயம். ஆம்பிளை வழிப் பேர் மட்டும்தான் டான்சிக்கால வந்த, மற்ற ரத்தம் எல்லாம் இந்த வாவிக்கரை.

தேடத் தொடங்கிற இடம் போலந்து இல்ல, நெதர்லாந்து. ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில கம்பனிட 18ஆம் நூற்றாண்டுச் சம்பளப் புத்தகங்கள் கிடக்கு, அதில இருந்த ஆக்கள்ர பேரை இன்டர்நெட்டில சும்மா தேடலாம், காசு இல்ல. ஒவ்வொரு ஆளுக்கும் பேர், சொந்த ஊர், என்ன வேலை, எந்தக் கப்பல், எப்ப வெளிக்கிட்ட, எங்க எப்பிடி வேலை முடிஞ்ச, செத்தானா, ஓடினானா, திரும்பிப் போனானா எண்டு கிடக்கும். அதுக்க மாசக் கடிதம் எண்டு ஒரு கூடு இருக்கு, அதை விடாமப் பாருங்க. சம்பளத்தில வருசத்துக்கு மூண்டு மாசக் காசு வரைக்கும் ஊரில இருக்கிற பெண்சாதி, தாய் தகப்பன் எடுக்கலாம் எண்டு எழுதிக் குடுக்கிற பத்திரம் அது. அது போட்டிருந்தா ஊரில ஆரோ காத்துக்கொண்டு இருந்திருக்காங்க எண்டு அர்த்தம். சில குடும்பத்துக்கு அது கொஞ்சம் சங்கடமான செய்தி, அங்க ஒரு பெண்சாதி, இங்க ஒரு பெண்சாதி. பைபிளில அதை எழுதியிருக்க மாட்டாங்க.

பேர் எழுத்து மாறிக் கிடக்கும், ஒல்லாந்துக் கிளாக்கர் தன்ட காதில விழுந்த மாதிரி எழுதியிருப்பான், அதால நாலைஞ்சு விதமா அடிச்சுப் பாருங்க. ஊரையும் கப்பலையும் உறுதியாப் பிடிச்ச பிறகுதான் குடான்ஸ்க் அரச ஆவணக் காப்பகம். பழைய சேர்ச் ஞானஸ்நானப் புத்தகங்கள் கணிசமா அங்க கிடக்கு. ஜேர்மனிட பழைய கிழக்கு மாகாணத்துச் சேர்ச் புத்தகங்கள் சிலது பேர்லினில இவாஞ்சலிக்கல் மத்திய காப்பகத்துக்கும் போன, அங்கயும் கேட்டுப் பாருங்க. நாடு மாறினாலும் புத்தகம் ஜேர்மன் கையெழுத்திலதான் கிடக்கும், அதுவும் அந்தக் காலத்துச் சுருட்டை எழுத்து, வாசிக்கத் தெரிஞ்ச ஆளைப் பிடிக்க வேணும்.

இங்கத்தைய பக்கத்துக்கு கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில ஒல்லாந்தர் காலத்துப் பத்திரங்கள், அதோட உங்கட சொந்தப் பங்குட, அதாவது உங்கட சேர்ச்சிட ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் புத்தகங்கள். மேற்றிராசனம், அதாவது கத்தோலிக்க ஆயர்ர நிர்வாகப் பகுதி கூடப் பிரிஞ்சிட்டு, 2012ல மட்டக்களப்பு தனி மேற்றிராசனம், அதுக்கு முதல் திருகோணமலையோட சேந்த. ஒரு பதிவு இங்க இல்லாட்டி அங்கயும் ஒருக்காக் கேட்டு எழுதுங்க.

பாஸ்போட் கதையை விடுங்க. போலந்துட பரம்பரைக் குடியுரிமைக் கணக்கு 1920ல இருந்துதான். உங்கட ஆள் அதுக்கு நூறு வருசத்துக்கும் மேல முதலே கல்லடிப் பக்கம் வந்து சேந்துட்டார்.

கேள்வி: சார், நாங்க பதுளை பக்கம் தோட்டத்துல இருந்து 77 கலவரத்துக்கு அப்புறம் படுவான்கரைக்கு வந்த குடும்பம். நம்ம ஊரு செங்கோட்டை பக்கம்னு தாத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரோட தகரப்பெட்டியில ஒரு பேப்பர்ல திருவிதாங்கூர்னு போட்டிருக்கு. கூகுள்ல பாத்தா அது கேரளான்னு வருது. அப்ப நாங்க மலையாளிங்களா? வீட்டுல எல்லாரும் தமிழ்தான் பேசுறோம். (வாசகர், மட்டக்களப்பு மேற்கு)

பதில்: தம்பி, நீங்க தமிழ் ஆக்கள்தான், அந்தப் பேப்பரும் பொய் சொல்லல்ல. செங்கோட்டை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்குப் பக்கம், தமிழ் பேசுற ஊர், ஆனா ஆட்சி திருவிதாங்கூர் மகாராசாட. பிரிட்டிஷ்காரன்ட நேரடி ஆட்சியில இருந்த திருநெல்வேலி ஜில்லா அதுக்கு அடுத்த வளவு. 1949ல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரு மாநிலமாச் சேந்த. 1956 நவம்பர் 1ல மொழிப்படி மாநிலம் பிரிக்கக்க செங்கோட்டைட பெரும்பகுதி சென்னை மாநிலத்தோட, திருநெல்வேலி மாவட்டத்துக்க வந்திட்டு. அதே நாள்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சேந்து கன்னியாகுமரி மாவட்டமான. 1969ல சென்னை மாநிலம் தமிழ்நாடு எண்டு பேர் மாறின, 2019ல தென்காசி தனி மாவட்டம், செங்கோட்டை இப்ப அதுக்க. உங்கட தாத்தா கப்பல் ஏறாம வீட்டுத் திண்ணையிலயே குந்திக்கொண்டு இருந்திருந்தாக் கூட அஞ்சு முகவரி மாறியிருக்கும்.

இப்ப அந்தத் தகரப்பெட்டியைப் பற்றிக் கதைப்பம், ஏனெண்டா உங்கட ஆக்கள்ர முழுச் சரித்திரமும் அந்த மாதிரிப் பெட்டிக்கதான் கிடக்கு. எங்கட பக்கத்து ஆக்கள் உறுதியைத் தவிர ஒண்டையும் பத்திரமா வைக்கிறல்ல. தோட்டத்து ஆக்கள் கூப்பன் புத்தகம், டொக்டர் துண்டு, கங்காணி எழுதிக் குடுத்த கடுதாசி எண்டு எல்லாத்தையும் கட்டிக் கட்டி வச்சிருக்காங்க. வைக்க வேண்டி வந்த. 1949ல வந்த இந்தியர், பாகிஸ்தானியர் வதிவிடப் பிரசாவுரிமைச் சட்டம், கலியாணம் முடிச்ச ஆள் 1946 சனவரிக்கு முதல் ஏழு வருசம், முடிக்காத ஆள் பத்து வருசம் தொடர்ந்து இங்க இருந்ததைக் காட்டு எண்டு கேட்ட. எழுதப் படிக்க விடாத லயத்துச் சனத்திட்ட ஆதாரம் கேட்ட சட்டம். பிறகு 1964ல இலங்கை, இந்தியப் பிரதமர்மார் செஞ்ச சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், நாடில்லாமக் கிடந்த ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்க, மிச்ச 150,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. சனத்தை அரிசி மூட்டை மாதிரி எண்ணின கணக்கு.

உங்களுக்கு அதுக்க ஒரு நன்மை இருக்கு. பிரசாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்திட கொப்பி, இல்லாட்டி இந்தியத் தூதரகத்துக்குப் போட்ட விண்ணப்பத்திட கொப்பி பெட்டிக்க இருந்தா அதில கிராமம், தாலுக்கா, ஜில்லா எண்டு எழுதியிருக்கா பாருங்க. உங்கட தாத்தாட அண்ணன் தம்பி ஆராவது அந்த ஒப்பந்தத்தில இந்தியா போயிருந்தா இன்னும் நல்லம், அவங்களுக்குக் குடுத்த குடும்ப அட்டையும் பாஸ்போட்டும் அவங்கட பிள்ளையளிட்ட இருக்கும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் எத்தினையோ குடும்பம் இப்பவும் இருக்கு. ஃபேஸ்புக்கில ஊர்ப் பேரையும் தோட்டத்துப் பேரையும் சேத்துப் போட்டுக் கேளுங்க, ஆள் பேரை விடத் தோட்டத்துப் பேர்தான் பதில் கொண்டாறும்.

பெட்டிக்க ஓட்டை போட்ட சின்னத் தகரத் துண்டு ஒண்டு கிடந்தா எறிஞ்சிடாதீங்க. இந்தியக் கரையில இருந்து வரக்க கழுத்தில கட்டி விட்ட துண்டு அது, அதில இருக்கிற எழுத்தும் நம்பரும் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும். எந்த ஊரால வந்த எண்டு அது சொல்லாது. எந்தத் தோட்டம் எண்டு தெரிஞ்சா அங்கத்தைய பேர்ப்பதிவைத் தேடலாம், கங்காணி ஆர் எண்டு பிடிக்கலாம். கங்காணி தன்ட ஊர், பக்கத்து ஊர் ஆக்களைத்தான் கூட்டிக்கொண்டு வருவார், அதால கங்காணிட ஊர் கிடைச்சா உங்கட ஊருக்கு நாலு கட்டை கிட்ட வந்த மாதிரி.

இந்தியாப் பக்கத்தில, திருவிதாங்கூர் அரசாங்கத்துப் பழைய பத்திரம் திருவனந்தபுரத்தில கேரள அரசு ஆவணக் காப்பகத்தில. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆக்களை அனுப்பின மண்டபம் கேம்பும் தூத்துக்குடியும் பிரிட்டிஷ் பக்கம், சென்னை ராஜதானிக்க. அதால ஆள் திருவிதாங்கூர் எண்டாலும் கப்பல் ஏறின கடுதாசி எழும்பூரில இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில கிடக்கிறதுக்குச் சான்ஸ் இருக்கு. காணி கீணி இருந்த எண்டு தாத்தா சொல்லியிருந்தா செங்கோட்டை சார்பதிவாளர் ஒபிஸில முதல் விசாரியுங்க.

கடுதாசி ஒண்டும் இல்லையா? குலதெய்வத்தைக் கேளுங்க. பகிடி இல்ல தம்பி. அந்தப் பக்கத்து ஆக்களுக்குப் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் போறது கட்டாயம், எத்தினை தலைமுறை கழிஞ்சாலும் எங்க இருந்தாலும் தங்கட சாஸ்தாவைத் தேடிப் போவாங்க, ஒவ்வொரு சாஸ்தாவுக்கும் ஒரு தனிப் பேர் இருக்கு. பாட்டி, அத்தை ஆராவது உசிரோட இருந்தா பேரன் பேத்திக்கு முதல் மொட்டை அடிக்கக்க எந்தச் சாமிட பேரைச் சொல்லி மஞ்சள் துணியில காசு முடிஞ்சு வச்ச எண்டு கேளுங்க. ஊர் எது எண்டு கேட்டா மறந்திருப்பாங்க, சாமிப் பேர் மறக்க மாட்டாங்க. போனை எடுத்து ரெக்கோட் பண்ணி வையுங்க, இந்தக் கிழமையே.

கேள்வி: எங்கட வாப்பாட வாப்பாட வாப்பா கராச்சியில இருந்து யாவாரத்துக்கு வந்து கல்முனையில கலியாணம் முடிச்சவராம். ஒரு பழைய கடித உறை இரிக்கி, அதில ஒட்டின முத்திரை இந்தியா, குத்தின சீல் கராச்சி, உள்ளுக்குப் பம்பாய் கவர்மெண்ட் எண்டும் ஒரு இடத்தில வருது. ஒண்டும் விளங்கல்ல. (வாசகி, கல்முனை)

பதில்: எல்லாம் ஒத்து வருது தங்கச்சி. 1947 வரைக்கும் கராச்சியும் பிரிட்டிஷ் இந்தியாதான், முத்திரை இந்தியாவாத்தான் இருக்கும். கராச்சி இருக்கிற சிந்து 1936 வரைக்கும் பம்பாய் ராஜதானிக்குக் கீழ, அதால அந்தக் கடிதம் 1936க்கு முந்தினதா இருக்க வேணும், சீலில இருக்கிற திகதியை லென்ஸ் வச்சுப் பாருங்க. அந்தக் காலத்துப் பத்திரம் கராச்சியிலயும் கிடக்கலாம், மும்பையில மகாராஷ்டிரா ஆவணக் காப்பகத்திலயும் கிடக்கலாம், ரெண்டுக்கும் விசா எடுத்து அலையிறது லேசில்ல.

அதுக்கு முதல் ஒரு விசயம். கராச்சியால வந்த எண்டா கராச்சிக்காரர் எண்டு முடிவெடுக்காதீங்க. கச்சு, கத்தியவார் பக்கத்து மேமன் யாவாரிகள் கராச்சியில கடை வச்சிருந்தாங்க, அவங்கட பூர்வீகம் இப்ப இந்தியாவில குஜராத்துக்க. 1947க்குப் பிறகு அந்த ஊர்களில மிஞ்சியிருந்த சனத்திலயும் எவ்வளவோ பேர் கராச்சிக்குப் போயிட்டாங்க. அப்ப ஊர் இந்தியாவில, சொந்தக்காரர் பாகிஸ்தானில. ஜமாஅத்காரங்கதான், அதாவது அந்தந்தச் சமூகத்துச் சங்கக்காரங்கதான் குடும்பப் பதிவு வச்சிருப்பாங்க, அதால எந்த ஜமாஅத் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை. இங்க கல்முனையில அவர் முடிச்ச காவின் பதிவை, அதாவது கலியாணப் பதிவைத் தேடுங்க, மாப்பிள்ளைட வாப்பா பேர் அதில இருக்கும். உறையில அனுப்பின ஆள்ர தெருப் பேர், கடைப் பேர் இருந்தா அது தங்கம்.

கேள்வி: நாங்க காலிங்கா குடி. காலிங்கம் எண்டா இப்ப ஒடிசா மாநிலம்தானே? அங்க போய்த் தேடினா எங்கட ஆக்கள் கிடைப்பாங்களா? (வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: வேணாம் தம்பி, டிக்கட் காசு மிச்சம். குடிப் பேரில இருந்து ஒரே பாய்ச்சலில ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு ராச்சியத்துக்குப் போகேலாது. ஒடிசா எண்ட மாகாணமே 1936லதான் தனியாப் பிரிஞ்ச, அந்த எல்லையும் பழைய காலிங்கத்திட எல்லையும் ஒண்டில்ல, காலிங்கத்துக்கு இப்ப ஒரு கச்சேரி ஒபிஸும் இல்ல.

குடியை வேற விதமாப் பாவியுங்க. எங்கட பக்கம் குடி தாய் வழி, தமிழ் ஆக்களுக்கும் அப்பிடித்தான், முஸ்லிம் ஆக்களுக்கும் அப்பிடித்தான். அப்பாட பேர் வழியா மேல போனா ரெண்டு மூண்டு தலைமுறையில கயிறு அறுந்திரும், தாய், தாய்க்குத் தாய் எண்டு போனா குடி மாறாது, அதால எந்த ஊரால எந்த ஊருக்குப் பொம்பிளையள் வழி வந்த எண்டு பிடிக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலயே தான்தோன்றீஸ்வரர் கோயில் கிடக்கு. எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, எந்தக் குடி எந்த ஊரில இருந்து வந்து முன்னுக்கு நிக்கும், இதெல்லாம் கோயில் பழைய கணக்கிலயும் கோயில் பொறுப்பைப் பாக்கிற வண்ணக்கர்மாரிட வாயிலயும் கிடக்கு. சீதனக் காணி உறுதியையும் பாருங்க, இங்க காணி பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே போகும், ஒரு உறுதிக்க நாலு தலைமுறைப் பொம்பிளையள் பேர் கிடைக்கும். 78 சூறாவளியிலயும் சுனாமியிலயும் எத்தினையோ வீட்டு உறுதி போயிட்டு, ஆனா காணிப் பதிவகத்தில கொப்பி கிடக்கும்.

கேள்வி: எச்சிலைக் குழாய்க்க துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பினா எந்த நாடு எத்தினை வீதம் எண்டு சொல்றாங்களே, அது போதாதா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அந்த வீதக் கணக்கை நான் பெரிசா எடுக்கிறல்ல. டிஎன்ஏக்கு எல்லை தெரியாது, கம்பனிக்காரன் இண்டைக்கு இருக்கிற ஆக்களோட ஒப்பிட்டுத்தான் சொல்றான். எங்கட பக்கத்து ஆக்கள் அதில குறைவு எண்டா தென்னிந்தியா, இலங்கை எண்டு மொத்தமா ஒரு பதில் வரும், அது துப்பாமலே தெரியும். ஒரு பிரயோசனம் இருக்கு, டெஸ்ட் எடுத்த ஆக்களுக்க சொந்தக்காரர் இருந்தா பட்டியல் வரும். டான்சிக் தம்பிக்கு அது உதவும், உங்களுக்குக் காசுதான் போகும்.

கேள்வி: அப்பப்பா 1931ல ரங்கூனில பிறந்தவர். அவர்ர ஒரு பத்திரத்தில பிறந்த நாடு பிரிட்டிஷ் இந்தியா எண்டு போட்டிருக்கு. இப்ப ஒரு போமில பிறந்த நாடு கேக்கிறாங்க, இந்தியாவா, பர்மாவா, மியன்மாரா? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில இருந்து பிரிஞ்சது 1937 ஏப்ரல் 1. அதால 1931க்கு அந்தப் பத்திரம் சரி. போமில பிறந்த நாடு எண்டு இப்பத்தைய பட்டியல் இருந்தா மியன்மார் எண்டு போடுங்க, பிறந்த இடத்துக்கு ரங்கூன் எண்டு பத்திரத்தில உள்ள மாதிரியே எழுதுங்க, பக்கத்தில பிரிட்டிஷ் இந்தியா, 1931 எண்டு சேத்து விடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ஏன் எண்டு கேட்டா 1937ஐச் சொல்லுங்க. அப்பப்பாட அப்பா எப்பிடி ரங்கூனுக்குப் போன, எந்தக் கம்பனியில வேலை, 1942ல ஜப்பான்காரன் வரக்க நடந்து வந்தவங்களா, கப்பலில வந்தவங்களா எண்டு தெரிஞ்சா எழுதி அனுப்புங்க, அதை வச்சுத்தான் எங்க தேடலாம் எண்டு சொல்லேலும்.